மூன்று வாய், ஒரு கையெழுத்து

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சௌக்கியம். அவருடைய முழங்கால் மட்டும் மழை வருவதை முதல்நாளே சொல்லிவிடுகிறது. நீ, உன் வீட்டுக்காரி, உன் மகள் வாலு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் நான் யாரையும் பேச விடுவதில்லை, இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு முக்கால்வாசி வேலை தருகிற இன்சூரன்ஸ்காரர்கள் ஓர் ஓலை அனுப்பியிருக்கிறார்கள். வருடக் கடைசிக்குள் தரத்துக்கு ஒரு சான்றிதழ், தகவல் பாதுகாப்புக்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமாம். அதுவும் நமக்குச் சம்பந்தமே இல்லாத வெளி ஆள் வந்து சோதித்துத் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒரு கும்பிடு. எட்டுப் பேர் என்னை நம்பி அந்த மூக்குக்கண்ணாடிக் கடை மாடிப்படி ஏறி வருகிறார்கள். வேறு வழியில்லை.

எரிச்சலாக வருகிறது, தம்பி. பதினோரு வருடமாக ஊரார் புளுகை எல்லாம் பிடித்துக் கொடுத்தவளுக்கு யாரோ வந்து மார்க் போட வேண்டுமா? எங்களிடம் மூன்று வாய் விதி இருக்கிறது. ஓர் ஆளைப் பற்றி விசாரிக்கப் போனால் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்று வாயும் ஒன்றையே சொன்னால்தான் அது ரிப்போர்ட்டில் ஏறும். இதைவிட என்ன தரம் வேண்டியிருக்கிறது இவர்களுக்கு?

புலம்பித் தீர்த்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவில்லாத லிஃப்ட் மாதிரி இருக்கிறாள். அத்தான் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. நான் இருபது மாடிக்கு லிஃப்ட் மாட்டுகிறேன். கம்பி, பிரேக், கதவு எல்லாம் என் கையால்தான். ஆனால் அது ஓடலாம் என்று நான் கையெழுத்துப் போட முடியாது. வெளியிலிருந்து ஒரு மனிதர் வருவார். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார். எடைக்கல்லை ஏற்றி, கம்பியை அளந்து, பிரேக்கை நாலு தடவை போட்டுப் பார்த்துத்தான் எழுதுவார். முதல் வருடம் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் அவர் ஒருநாள் ஒரு திருகாணியைத் தொட்டுக் காட்டினார். அரைச்சுற்று குறைவு. அதை நான் மூன்று தடவை பார்த்திருந்தேன். மூன்று தடவையும் சரியாகத்தான் தெரிந்தது.

நானே மாட்டி, நானே சரியென்று சொன்ன லிஃப்ட்டில் நீ ஏறுவாயா? நீ ஏறுவாய், அக்கா ஆயிற்றே. அத்தான் படியில்தான் போவார்.

அன்புத் தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலம். வாலுவின் சிரிப்பைப் புகைப்படத்தில் பார்த்து அத்தான் அரைமணி நேரம் முழங்காலை மறந்தார்.

இங்கே அலுவலகம் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது, சாப்பாடு மட்டும் இல்லை. எங்கள் வெளிவிசாரணை ஆளை மீசை என்றுதான் கூப்பிடுவோம். மனிதர் பாஸ்வேர்டைக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தார். கேட்டால், "மேடம், எதிரி காலண்டரைத் திருப்புவான்னு எப்படி நினைக்கிறது?" என்கிறார். துப்பறிகிறவர் கேட்கிற கேள்வியா இது! டீ டம்ளருக்கு அடியில் விரித்திருந்த தாளை எடுத்துப் பார்த்தால் யாரோ ஒருவருடைய விவாகரத்து விசாரணையின் நாலாம் பக்கம். அந்த மனிதர் நம்மை நம்பித் தன் வீட்டுக் கதையைக் கொடுத்திருக்கிறார், நாம் அதன்மேல் டீ வைத்திருக்கிறோம். இப்போது அலமாரிக்குப் பூட்டு, தாளை அரைக்க ஓர் இயந்திரம், யார் எந்த ஃபைலை எடுத்தார் என்று எழுத ஒரு நோட்டு எல்லாம் வந்துவிட்டன.

விதிகளையும் நானே எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பதினான்காவது விதி எனக்கு ரொம்பப் பிடித்தது: நம் ரிப்போர்ட்டில் தவறு என்று தெரிந்தால், எத்தனை வருடம் ஆனாலும், அது யாரைப் பாதித்ததோ அவருக்கும் வாடிக்கையாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, திருத்திக் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். எப்படி? உன் லிஃப்ட் சோதனைக்காரரே மெச்சுவார்.

ஏப்ரலில் தணிக்கை அம்மா வருகிறார். பழைய ஃபைல் பத்தைத் தன் கையாலேயே உருவிப் பார்ப்பாராம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். நேரமில்லை, எட்டாவது மாடியில் தொங்கிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

பதினான்காவது விதி பிரமாதம். ஆனால் எழுதுவது சுலபம், அக்கா. தணிக்கை அம்மாவுக்கு நல்ல காபியாகக் கொடு. அதிகம் பேசாதே. பேசினால் நீயே எதையாவது உளறிவைப்பாய்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 30

அன்புத் தம்பிக்கு,

நலம். நலம்தானே?

தணிக்கை அம்மா வந்து போனார். ஒன்பது ஃபைல் சரியாக இருந்தது. பத்தாவதில் ஒரு கேள்வி எழுப்பியிருக்கிறார். பதில் சொல்ல ஆகஸ்ட் வரை நேரம். வேலை அதிகம், அதனால்தான் எழுதத் தாமதம்.

உனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறதுதானே? லிஃப்ட் வேலை பிடித்துத்தானே செய்கிறாய்? சும்மா கேட்டேன்.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்பதுதான் சந்தேகம். உன் கடிதம் பத்து வரியில் முடிந்து நான் பார்த்ததில்லை. சும்மா கேட்கிற ஆளும் நீ இல்லை.

கேட்டதற்குப் பதில்: பிடித்திருக்கிறது. வந்த புதிதில் பிடிக்கவில்லை. முதல் இரண்டு வருடம் கிரீஸ் வாசனையிலேயே தூங்கி எழுந்தேன். இப்போது ஒரு கட்டடத்தில் முதல்முறையாக லிஃப்ட் கிளம்பும்போது அடிவயிற்றில் ஒரு சந்தோஷம் வருகிறது. அதை வேறு எந்த வேலையும் தந்திருக்காது. என் வீட்டுக்காரியை முதலில் பார்த்ததும் இங்கேதான், ஐந்தாவது மாடியில் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். நான்தான் திறந்துவிட்டேன். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறேன்.

இப்போது நீ சொல். பத்தாவது ஃபைலில் என்ன?

அன்புத் தம்பி


ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

அத்தான் நலம். நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், அரைக்கும் இயந்திரம் புதிதாக வந்ததற்கு நல்ல வேலை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், அம்மா தவறிய பிறகு, விமான நிலையத்தில் மின்பிரிவு வேலைக்கு நீ பரீட்சை எழுதினாய், நேர்முகத்திலும் தேறினாய். கடைசியில் ஒரு வரிக் கடிதம் வந்தது, வருந்துகிறோம் என்று. "அவங்களுக்குக் கொடுத்து வெக்கல, விடுடா" என்று நான்தான் உனக்கு ஆறுதல் சொன்னேன். இரண்டு மாதத்தில் நீ ஊரைவிட்டே போய்விட்டாய்.

அந்த வேலைக்காக உன்னைப் பற்றி விசாரித்த ரிப்போர்ட் எங்கள் அலுவலகத்தில் எழுதியது.

எனக்குத் தெரியாது, தம்பி. நம்பு. ஓர் இடைத்தரகர் நிறுவனம் நாற்பது பேரை ஒரே கட்டாகக் கொடுத்தது, எந்த வேலைக்கு என்றுகூடச் சொல்லவில்லை. அந்த மாதம்தான் மீசை சேர்ந்திருந்தார். நீ என் தம்பி என்று அவருக்குத் தெரியாது. ஃபைலின்மேல் எண் மட்டும்தான் இருக்கும், உள்ளேதான் பெயர். நான் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து நாற்பதிலும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

மீசை விதிப்படிதான் செய்திருக்கிறார். அம்மாவும் நீயும் இருந்த தெருவில் மூன்று வாய்: சலவைக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், உங்கள் வீட்டுச் சொந்தக்கார அம்மா. மூவரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள்: "அவனுக்குக் கால்ல சக்கரம். எந்த வேலையிலும் ஆறு மாசம் தங்கமாட்டான்." முடிவு: வேலையில் நிலைக்காதவர், பரிந்துரைக்க இயலாது.

தணிக்கை அம்மா அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "மூணு பேரும் வார்த்தை மாறாம ஒரே மாதிரி பேசியிருக்காங்களே. இவங்களுக்கு இதை யார் சொன்னாங்கன்னு கேட்டீங்களா?" என்றார். அவர் கேட்ட பிறகுதான் நான் பெயரைப் பார்த்தேன்.

அவர்களுக்குச் சொன்னது யார் தெரியுமா? நான்தான். அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் சலவைத் துணி வாங்கப் போன இடத்தில், மருந்து வாங்கப் போன இடத்தில், வாசலில் நின்று உன்னைக் கேலி பேசிக்கொண்டிருந்தேன். சக்கரம் என்று சொன்னது என் வாய். மூன்று வாய் என்று நாங்கள் எண்ணியது ஒரே வாய். கடைசியில் கையெழுத்தும் என்னுடையது.

பதினான்காவது விதிப்படி உனக்கு எழுத்தில் தெரிவிக்கிறேன். படிவம் இத்துடன் இருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை.

அக்கா


ஜூலை 8

தம்பி,

ஒரு மாதம் ஆயிற்று. எல்லோரும் சுகம் என்று மட்டும் ஒரு வரி போடு, அல்லது அவளைப் போடச் சொல். படிவத்துக்காகக் கேட்கவில்லை. அதைக் கிழித்துப் போட்டாலும் சரி.

அக்கா


ஜூலை 29

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்.

கோபம் இருந்தது. இத்தனை வாரமும் இருந்தது. வேலை போனதற்காக இல்லை, அந்தப் படிவத்துக்காக. ஒன்பது வருடம் கழித்து அக்கா ஒரு விஷயம் சொல்கிறாள், கூடவே கையெழுத்துப் போட ஒரு தாள் வைக்கிறாள். எனக்காகச் சொன்னாயா, சான்றிதழுக்காகச் சொன்னாயா? இதை நீ எனக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. உன் மூன்று வாயும் பொய் சொல்லவில்லை. ஒன்றரை வருடத்தில் மூன்று வேலையை விட்டேன். வாரத்துக்கு மூன்று நாள் அம்மாவுக்கு டயாலிசிஸ். காலையில் கூட்டிப்போனால் திரும்ப மாலையாகிவிடும். எந்த மேஸ்திரி வாரம் மூன்று நாள் விடுவான்? உன்னிடம் மட்டும் "ஷிஃப்ட் மாத்திக்கிட்டேன்" என்று சொல்வேன். வேலையை விட்ட பிறகு "பிடிக்கலை" என்பேன். நீ அப்போதுதான் அந்த மாடியை வாடகைக்கு எடுத்திருந்தாய். உண்மையைச் சொன்னால் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்திருப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு?

மருந்துக்கடைக்காரருக்குக் காரணம் தெரியும். மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டுகிறவனே நான்தானே. மீசை "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் கேட்கவில்லை. பதினோரு வருடம் துப்பறிகிற நீயும் கேட்கவில்லை.

தம்பி


செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

உங்கள் மூவருக்கும் என் அன்பு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அலுவலகத்துக்குப் போகவில்லை. அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். பொய் சொல்லமாட்டேன். அந்த விதி இல்லாமல் இருந்திருந்தால் உனக்குச் சொல்லியிருக்க மாட்டேன். அவன்தான் இப்போது நன்றாக இருக்கிறானே, பழையதைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு ஃபைலை உள்ளே தள்ளியிருப்பேன். ஏப்ரல் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் நல்ல மனசை நம்பியிருந்தால் உனக்கு இது வந்தே சேர்ந்திருக்காது. வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பது எதற்கு என்று ஜனவரியில் உன்னிடம் எரிந்து விழுந்தேன் அல்லவா? என் மாதிரி ஆட்களுக்காகத்தான்.

திருத்திய ரிப்போர்ட்டை நான் எழுதக் கூடாது, ரத்த சம்பந்தம். மீசைதான் எழுதினார். மறுபடி அந்தத் தெருவுக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் இருக்கிறார், எல்லாம் சொன்னாராம். பிறகு என்னையும் விசாரிக்க வேண்டும் என்றார். வழக்கமாகச் சாட்சிகள் உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அதற்கு ஒரு கால் ஆடுகிறது, இத்தனை வருடம் எவரும் சொன்னதில்லை. மீசை நோட்டைத் திறந்தார். "மேடம், அவர் ஏன் வேலையை விட்டார்னு அப்போ உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். அப்புறம் அவரே எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் சொன்னதை அவர் எழுதியது இது:

"விண்ணப்பதாரர் தாயின் சிகிச்சைக்காக மூன்று வேலைகளை இழந்தார். தாயை அவர் முதுகில் சுமந்து மாடிப்படி இறங்குவதைச் சாட்சி பலமுறை பார்த்திருக்கிறார். வேலையை ஏன் விட்டார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. முந்தைய ரிப்போர்ட்டில் உள்ள சொற்கள் சாட்சி விளையாட்டாகப் பரப்பியவை. தகவல் தந்தவர்: விண்ணப்பதாரரின் அக்கா. நேரில் பார்த்தவர்."

வாடிக்கையாளருக்கு ஒன்று அனுப்பியாயிற்று. இப்போது எங்கள் தாளில் 'ஏன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் நான் கையெழுத்துப் போட முடியாது. படிக்காமலும் போட முடியாது, வேறு ஒருவர் முதலில் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தணிக்கை அம்மாவிடம் ஆகஸ்டில் எல்லாவற்றையும் காட்டினேன். உன் கையெழுத்தோடு படிவம் வந்தால் சேர்க்கச் சொன்னார், வராவிட்டால் வரவில்லை என்றே எழுதச் சொன்னார். நீ எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். வாலுவுக்கு ஒரு பல் எட்டிப்பார்க்கிறது.

உன் தாளை இவளிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள். "எட்டு வருஷமா குடும்பம் நடத்துறோம், அத்தையை முதுகுல தூக்கினதை என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?" என்றாள். நீ கேட்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நல்ல புத்தி வந்தது, சும்மா இருந்தேன். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். பிறகு சாப்பிட்டோம்.

விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பத்து நாள் மூவரும் வருகிறோம். அண்ணியிடம் சொல் என்று அவள்தான் சொன்னாள். அந்த ஆடுகிற நாற்காலிக் காலை வந்து நானே சரிபண்ணுகிறேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். 'திருத்திய ரிப்போர்ட் சரியாக உள்ளதா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். பதறாதே, கீழே காரணமும் இருக்கிறது. நீ போகிற அவசரத்தில் படிக்காமல் விட்டுவிடுவாய் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

"சாட்சி தன்னைப் பற்றிய தகவல் ஒன்றை விட்டுவிட்டார். சிகிச்சை முடிந்து தாய் சுருண்டு கிடந்த ஒவ்வொரு மாலையும் அவர் அலுவலகத்திலிருந்து நேரே வந்து, அன்று பார்த்த ஆட்களைப் போலப் பேசியும் நடந்தும் காட்டுவார். அந்த ஒன்றரை வருடத்தில் தாய் சிரித்ததெல்லாம் அப்போதுதான். இதையும் சேர்க்கவும். தகவல் தந்தவர்: தம்பி. நேரில் பார்த்தவர்."

அன்புடன்,
தம்பி